நிலாச் செங்கலை வெயிலில் வைத்த நாள்

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில் பாக்டீரியாவை வைத்துச் செங்கல் செய்வது என் வேலை. நிலவில் கட்டடம் கட்ட இங்கிருந்து கல்லும் சிமெண்டும் சுமந்து போனால் கட்டுப்படியாகாது. துளி பாக்டீரியாவை மட்டும் கொண்டுபோய் அங்கே கிடக்கும் மண்ணையே இறுக வைக்க முடியுமா என்று பார்க்கிறோம். மரபணுவை மாற்றிய பாக்டீரியாவை, நிலவு மண் போல அரைத்த பாறைப்பொடியில் கலந்து, யூரியாவும் கால்சியமும் கொடுத்தால் அது சுண்ணாம்பை உண்டாக்கி மண்ணைக் கல்லாக்கும். "கரிசல்ல கட்டுன செவுரே ஒரு மழைக்கு வாய் பிளக்கு, இவ நெலாவுல வீடு கட்டப் போறா" என்று என் அண்ணன் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன்.

அந்த வருஷம் பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வகம் எங்கள் கல்லைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. தேறினால் அடுத்த கட்ட ஆராய்ச்சியில் எனக்கு இடம் உண்டு. ஆறு கல் வார்த்து, ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைத்தேன். பத்து நாள் ஈரம் காயக் கூடாது. காய்ந்தால் உள்ளே இருக்கும் உயிர் செத்துவிடும். மூடியில் ஆங்கிலத்தில், உயிருள்ளது, திறக்காதே என்று எழுதி ஒட்டினேன்.

ஒன்பதாம் நாள் எட்டயபுரத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு மதியம் வந்தால், பெட்டி காலி. ஆறு கல்லும் மொட்டைமாடியில் சாக்கு விரித்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வைத்தது எங்கள் ஆய்வக உதவியாளர் அக்கா. கழுகுமலைக்காரர். பதினைந்து வருஷம் தீப்பெட்டி ஒட்டியவர். ஒட்டிய பெட்டி ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். அதனால் ஈரத்தைக் கண்டால் அவர் கை தானாக வெயிலுக்குக் கொண்டுபோகும்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மூன்று வருஷ உழைப்பு போச்சு என்றேன். படித்திருந்தால்தானே புரியும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கல்லை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மரபணு மாற்றிய உயிர் ஆய்வகத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் துறைத் தலைவர் விளக்கக் கடிதம் கேட்டார். 'உதவியாளரின் கவனக்குறைவு' என்று எழுதி அன்று மாலையே கொடுத்தேன். தற்காலிக வேலையில் இருப்பவருக்கு அந்த இரண்டு வார்த்தை போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை.

மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போல வந்து, கதவை ஒட்டி நின்றார்.

"அந்தக் கல்லுக்குள்ள உசுரு இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா டீச்சர். கைப்பிள்ளை மாதிரி பாத்திருப்பேன்."

தினம் அந்தப் பெட்டியைத் துடைத்தவர் அவர். மூடியில் இருந்த ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, தமிழ் வாசிப்பார். பேப்பரை என்னைவிட ஒழுங்காக வாசிப்பார். ஊரெல்லாம் நிலாவைப் பற்றி வகுப்பு எடுத்த எனக்கு, பக்கத்தில் நின்றவரிடம் சொல்லத் தோன்றவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னுடையது.

துறைத் தலைவரின் அறைக்கு ஓடினேன். கடிதம் அவர் மேஜையிலேயே இருந்தது. திரும்ப வாங்கி, பெட்டியில் இருப்பது என்ன என்று உதவியாளருக்கு நான் சொல்லவில்லை, தவறு என்னுடையது என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். "இப்படி எழுதுனா அடுத்த கட்டத்துல உங்க பேரு வராது" என்றார். வரவில்லை. வேறொரு கல்லூரியின் கல் பெங்களூர் போனது.

அக்கா இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். நான் தனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழுகுமலைக் கோவில் திருநீற்றை மடித்துக் கொண்டுவந்து என் கையில் தருவார். முதல் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. வாங்கிப் பூசிக்கொள்கிறேன். இதுவரை சொல்லவில்லை.