பெரியப்பாவின் கல்லறைக்குக் கடல் வழியாக

காலை ஏழு மணி வண்டியைப் பிடிக்க ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டேன். செங்கல்பட்டுக்குப் பயணச்சீட்டு பத்து ரூபாய். பெல்ஃபாஸ்டிலிருந்து இரண்டு விமானம் ஏறி வந்து, இன்னும் தூக்கம்கூடச் சரியாகவில்லை, அதற்குள் எங்கே கிளம்பிவிட்டாய் என்று அம்மா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். நவம்பர் மழையில் பெரியப்பா இறந்தபோது நான் விடுதி அறையில் உட்கார்ந்து அவருடைய அடக்கத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். பாதியில் படம் உறைந்துபோனது. உறைந்த படத்தில் யாரோ ஒருவருடைய முதுகும் நிறைய தண்ணீரும் இருந்தன. கல்லறைத் தோட்டத்தில் ஏன் அவ்வளவு தண்ணீர் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அப்புறம் போனில் கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவும் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் எஸ்தர். அப்பா சிறுசேரி மென்பொருள் அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். நான் பல்கலைக்கழகம் கொடுத்த முழு உதவித்தொகையில், சட்டமும் வரலாறும் அரசியலும் சேர்ந்த நாலு வருடப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம் இருக்கிறேன். இதை நம் ஊரில் விளக்குவது பெரும்பாடு. வாரத்தில் பாதி நாள் தீர்ப்புகளைப் படிக்கிறோம். மீதி நாள், அந்தத் தீர்ப்புகளை எழுதியவர்களுடைய தாத்தாக்கள் யாரை எந்த நிலத்திலிருந்து துரத்தினார்கள் என்று படிக்கிறோம். எனக்குப் பிடித்தது இரண்டாவது பாதி. முதல் பாதியில் மதிப்பெண்ணும் தள்ளாடுகிறது, தூக்கமும் வருகிறது. சட்டத்தை விட்டுவிட்டு வரலாறு, அரசியல் மட்டும் தொடரலாம். விடுவதா தொடர்வதா என்று ஜனவரி முடிவதற்குள் மின்னஞ்சலில் சொல்லிவிட வேண்டும். விட்டுவிடுவது என்ற முடிவோடுதான் விமானம் ஏறினேன். வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மறைமலை நகரில் பாதிக் கூட்டம் இறங்கியது. பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி. நல்ல மழை பெய்த வருடம், தண்ணீர் கரை முட்ட நின்றது. வெளிநாட்டில் இருந்தால் வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் மனசு ஏங்கும் என்பார்கள். எனக்கு இந்த ஏரிதான் வந்து வந்து நின்றது, கூடவே இதைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டுகிற ஜனங்களும். செங்கல்பட்டு வரப்போகிறது என்று இங்கே யாரும் அறிவிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. ஏரி வந்தால் எழுந்து நிற்கிறார்கள். நானும் எழுந்து நின்றேன்.

செங்கல்பட்டில் இட்லி சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் கறுப்புக் கோட்டுகளை நாற்காலி முதுகில் தொங்கவிட்டு நாலைந்து வக்கீல்கள் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா என்னை எப்போதும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார். மீன் குழம்பில் அண்ணனுக்கு இரண்டு துண்டு, எனக்கு ஒன்று என்று போட்டபோது நான் பிடித்த சண்டையில் கிடைத்த பெயர் அது. சும்மா வைத்த பெயரை அவரே நம்பிவிட்டார். அவர் நம்பியதால்தான் நான் விண்ணப்பத்தில் சட்டத்தையும் சேர்த்து எழுதினேன். கூப்பிட ஆள் இல்லாமல் போன ஒரு பெயருக்காக இன்னும் இரண்டரை வருடம் தீர்ப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்பதுதான் என் சங்கடம். சம்பங்கி மாலை ஒன்றும் மெழுகுவர்த்திப் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும். கூட்டம் இல்லாததால் நடத்துநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். சட்டம் என்று சொன்னதுதான் தப்பு. வரலாறும் அரசியலும் அவர் காதில் ஏறவே இல்லை. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அவருடைய மச்சானின் பட்டாப் பிரச்சினையும், பின் இருக்கைக்காரர் ஒருவரின் ஜீவனாம்ச வழக்கும் என் மடிக்கு வந்துவிட்டன. நான் படிப்பது வேற்று நாட்டுச் சட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். சட்டம்னா எல்லா ஊர்லயும் சட்டம்தானே மேடம் என்றார் பின் இருக்கைக்காரர்.

சாலையின் இரண்டு பக்கமும் சம்பா அறுவடைக்கு நின்றது. ஊர்ப் பலகை ஒன்று, கொஞ்சம் தள்ளிக் காலனிப் பலகை ஒன்று என்று மாறி மாறி வந்தன. பெல்ஃபாஸ்டில் இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி, சாயங்காலமானால் கதவைப் பூட்டிவிடும் தெருக்கள் இன்னும் உண்டு. அமைதிச் சுவர் என்று அதற்குப் பெயர். அரசியல் வகுப்பில் எங்களை அங்கே நடத்திக் கூட்டிப்போனபோது, கூட வந்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். எனக்கு அந்தப் பெயர் மட்டும்தான் புதிதாக இருந்தது.

பதினோரு மணி போல மாமல்லபுரம் சேர்ந்தேன். கற்கோயில்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டவில்லை. செல்வராணி பெரியம்மா இங்கே ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். காலை ஷிப்டு முடிந்து, சீருடைப் புடவையோடு நிழலில் நின்றுகொண்டிருந்தார். பெரியப்பா இல்லாமல் அவரைத் தனியாக நான் பார்த்ததே இல்லை. கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இப்படி எளச்சிப் பூட்ட? அங்க சோறு கீதா, இல்ல வெறும் பொஸ்தகந்தானா?"

அங்கிருந்து தெற்கே, கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் தாண்டி இன்னொரு பேருந்து. பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு முன்னால் இறங்க வேண்டும். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டதால் எழுதவில்லை. இருவருக்கும் கட்டணமில்லாப் பயணச்சீட்டு. வழியெல்லாம் அவர் என் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், ஆனால் அடக்கத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

நிறுத்தத்தில் இறங்கி நிமிர்ந்தால், எதிரே இருபதடியில் நான் நின்றேன். காலனிப் பையன்கள் வைத்த ஃபிளெக்ஸ். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த என் முகத்தை வெட்டி, கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையும் போட்ட ஏதோ ஒரு ஆம்பிளையின் தோள்மேல் ஒட்டியிருந்தார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். 'அயல்நாட்டில் சட்டம் வென்று வரும் எங்கள் வழக்கறிஞர் எஸ்தர் அவர்களே வருக' என்று கொட்டை எழுத்து. கீழே கறுப்புக் கண்ணாடியோடு பத்துப் பன்னிரண்டு பையன்கள். மேலே ஓரத்தில் மேகம் வரைந்து, அதன் நடுவே பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேகத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை.

கல்லறைத் தோட்டம் கடற்கரை மணல்மேட்டில், பனைமரங்களுக்கு அடியில் இருக்கிறது. சாலையிலிருந்து நேர்க்கோடாக ஒரு வண்டிப்பாதை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து எல்லா அடக்கத்துக்கும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறோம், பெரியம்மா கல்யாணமாகி வந்தபோதும் அதே வழிதானாம். இப்போது பாதையின் குறுக்கே ஒரு புதிய உல்லாச விடுதியின் மதிலும் இரும்புக் கதவும் நின்றன. மதில் கடல் வரைக்கும் ஓடி அலைக்குள் இறங்கியிருந்தது. இப்போதுதான் பெரியம்மா சொன்னார். பெரியப்பாவைத் தூக்கி வந்த அன்று கதவு பூட்டியிருந்தது. திறக்க உத்தரவு கேட்டுக் காவலாளி போன் போட்டால் மேலே யாரும் எடுக்கவில்லை. மழையில் மத்தியானம் வரை பெட்டியோடு சாலையில் நின்றுவிட்டு, மதிலைச் சுற்றிக் கடலில் இறங்கித்தான் தூக்கிப் போனார்களாம்.

உறைந்த படத்தின் மீதி எனக்குக் கிடைத்துவிட்டது.

வாசலில் காவலுக்கு இருந்தவர் நடுத்தர வயதுக்காரர், அச்சரப்பாக்கம் பக்கத்து ஆள். முரடர் இல்லை. பெரியம்மா வழக்கம்போல, அண்ணாத்த கொஞ்சம் தொறந்து வுடுங்க என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சாலைப்பக்கம் திரும்பி ஃபிளெக்ஸைப் பார்த்தார்.

"மேடம், வக்கீல்னு படம் வெச்சிகிறாங்களே, அது நீங்கதான? ஐடி கார்டு கீதா? காட்டிட்டுப் போங்க. மேல கேட்டா வக்கீல் வந்தாங்க, தொறந்தேன்னு சொல்லிக்கிறேன்."

என் பையில் பல்கலைக்கழக அட்டை இருந்தது. அதில் பெரிதாகச் சட்டம் என்றும் அச்சடித்திருக்கிறது. பெரியம்மா என் முழங்கையை இடித்தார். காட்டுடி, இன்னா கொறஞ்சிப் பூடும் என்று மெதுவாகச் சொன்னார். கை பைக்குள் போகத்தான் செய்தது.

போன பருவத்தில் நிலச் சட்ட வகுப்பில் நான் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்ட ஒரு பாடம் உண்டு. பிறத்தியார் நிலத்தின் வழியே ஒரு பாதையில் இருபது வருடம் நடந்தால், நடந்தவர்களுக்கு அது உரிமையாகிவிடும். பலவந்தமாக நடந்திருக்கக் கூடாது, ஒளிந்து மறைந்து நடந்திருக்கக் கூடாது, அனுமதி கேட்டும் நடந்திருக்கக் கூடாது. அந்த மூன்றாவது நிபந்தனையை அன்று யாருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதி கேட்டவன், வழி எதிராளியுடையது என்று ஒப்புக்கொண்டவன் ஆகிறான். பெரியம்மா ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடக்கத்தன்றும் கேட்டிருக்கிறார்கள். நானும் இல்லாத வக்கீலாக அட்டையைக் காட்டினால் எனக்கு ஒரு தடவை கதவு திறக்கும். அட்டை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

"நான் வக்கீல் இல்லீங்க, இன்னும் படிச்சிகினுதான் கீறேன்" என்றேன். நாக்கு தானாகவே ஊர்ப்பேச்சுக்குத் திரும்பியிருந்தது. பிறகு பெரியம்மாவிடம், "நீங்களும் கேக்காதீங்க பெரியம்மா. இனிமே யாரும் கேக்க வேணாம். கேட்டா அது அவங்க வழின்னு ஆயிடும்" என்றேன்.

காவலாளி தன் நாற்காலிக்குத் திரும்பினார். பெரியம்மா என்னை முறைத்துப் பார்த்தார்.

"பேசறதுக்கு நல்லாத்தான் கீது. உங்க பெரியப்பன தூக்கிகினு அலையில நின்னது நாங்கடி."

அவர் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். தீப்பெட்டியையும் மெழுகுவர்த்தியையும் பாலித்தீன் பையில் சுற்றிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டார், மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார், என் பையை மதிலோர மணலில் வைத்துவிட்டு வரச் சொன்னார். எத்தனை தடவை இப்படிப் போய் வந்திருந்தால் இவ்வளவு லாகவம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். மதில் முடிகிற இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு அலையைப் போகவிட்டார். மூன்றாவது வருவதற்குள், வா என்று இழுத்தார். இடுப்பு வரை தண்ணீர். காலுக்கடியில் மணல் நழுவியது, மதிலின் பாசி உள்ளங்கையெல்லாம் வழுக்கியது. வெறுங்கையோடு போகவே இவ்வளவு பாடு. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எப்படிப் போனார்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மணல்மேட்டில் பெரியப்பா ஒரு மரச் சிலுவையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய பெயருமாக இருந்தார். பெரியம்மா கையைக் குவித்து மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் மாலையைப் போட்டேன். சட்டத்தை விட்டுவிடப் போகிறேன் என்று அவரிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். நனைந்த துணியோடு அங்கே நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியம்மா ஜெபம் செய்தார். அதில் என் படிப்பும் வந்தது, கதவும் வந்தது, காவலாளியுடைய பிள்ளைகளும் வந்தார்கள்.

திரும்பும்போதும் கடல் வழிதான். சாயங்காலப் பேருந்துக்குச் சாலையோரம் உட்கார்ந்தோம், துணி காற்றில் காய்ந்து உப்புப் பூத்தது. பெரியம்மாவுக்குக் கோபம் இறங்கியிருந்தது. அந்தப் பாடத்தை அவருக்கு முதலிலிருந்து சொன்னேன். நான் படித்தது அந்த ஊர்ச் சட்டம், இங்கே ஏறக்குறைய இதேதான் என்று கேள்வி, ஆனால் உறுதியாகத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ எப்போ முடிப்ப என்றார்.

அங்கே இன்னும் இரண்டரை வருடம். வெளிநாட்டுப் பட்டம் என்பதால் இங்கே வந்து தனியாக ஒரு பரீட்சை எழுதி, அதற்குப் பிறகுதான் வக்கீலாகப் பதிவு. நாலு வருஷம்கூட ஆவும் பெரியம்மா என்றேன். சொன்ன பிறகுதான், நான் சட்டத்தையும் சேர்த்துக் கணக்குச் சொல்லியிருப்பது எனக்கே உறைத்தது.

அவர் மதில் இருந்த பக்கம் திரும்பினார்.

"நாலு வருஷந்தான? சரி. அது வரிக்கும் நான் சாவுல. என்னய நேர் வழியா தூக்கிகினு போங்க, தண்ணில வாணாம்."

பேருந்து வந்துவிட்டது. அவர் அதைக் கையைக் காட்டி நிறுத்தி, ஜன்னலோரம் பார்த்து உட்காரு என்று என்னை ஏற்றிவிட்டார். மாமல்லபுரம் வருவதற்குள் மின்னஞ்சலை எழுதி அனுப்பிவிட்டேன். சட்டத்தைத் தொடர்கிறேன் என்று ஒரே வரி.

இதை எழுதுவது பெல்ஃபாஸ்டில். வெளியே மழை. இங்கே கல்லறைத் தோட்டங்களுக்கு அகலமான தார்ச்சாலை போட்டு வைத்திருக்கிறார்கள், யாரும் யாரையும் கேட்காமல் போய் வருகிறார்கள். அதன் ஓரமாக நடந்து வகுப்புக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஊருக்குப் போய்விட வேண்டும் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் பார்த்துப் பெரியம்மாவுக்குப் போன் போடுகிறேன். நலமா என்று நான் கேட்பதற்குள் அவரே முந்திக்கொள்கிறார்.

"கீறேன், கீறேன். நீ படி."