கலையரசன் மாஸ்டரின் அடுப்பு வளர்ந்த கதை

இந்த உலகத்தில் நிற்பது என்றால் இரண்டே பேர்தான். ஒன்று, எதிரே தெரிகிற அண்ணாமலை. இன்னொன்று, பே கோபுரத் தெரு சக்கரபாணி ஓட்டலின் தோசை மாஸ்டர் கலையரசன். அதிலும் மலை சும்மாதான் நிற்கிறது. கலையரசன் நின்றபடியே இருபத்திரண்டு வருஷமாகத் தோசை ஊற்றுகிறார். அத்தனை தோசையையும் வரிசையாகப் போட்டால் கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்து, மிச்சம் செங்கம் வரைக்கும் போகும். யாரும் போட்டுப் பார்த்ததில்லை. அதனால் இல்லை என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது.

அப்பேர்ப்பட்டவருடைய முதுகு ஒரு பௌர்ணமியன்று பூட்டிக்கொண்டது.

கல்லில் ஆறு தோசை வெந்துகொண்டிருந்தது. திருப்பக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கண் எதிரே ஆறும் கருகின. சப்ளையர்கள் இரண்டு பேர் அவரை மேஜையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிப் போய் அரிசி மூட்டைமேல் சாய்த்தார்கள். வெளியே மலை சுற்றி வந்த ஜனம் பசியோடு நின்றது. ஒரு மணி நேரம் ஓட்டலில் தோசையே இல்லை.

முதலாளி சக்கரபாணி கத்தவில்லை. கத்தியிருந்தால் கலையரசனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் காலை டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்.

"கோச்சிக்காதீங்க மாஸ்டர். அடுத்த பௌர்ணமிக்கும் இந்த மாதிரி ஆச்சுன்னா, இருசப்பன மாஸ்டரா வெச்சிக்கிறேன். கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வர்றேன்னு சொல்லிட்டான்."

கலையரசனுக்கு நாற்பத்தாறு வயசு. தோசையைத் தவிர வேறு வேலை தெரியாது.

கோளாறு முதுகில் இல்லை, அடுப்பில். அதைச் செய்து வைத்தவர் சக்கரபாணியின் அப்பா, காலமான ராஜமாணிக்கம். அவர் ஐந்தடி. தன் இடுப்புக்கு அளவெடுத்து இரும்பு ஸ்டாண்டு அடித்து, அக்னி மூலையில் பூஜை போட்டு நிறுத்தினார். கலையரசன் ஆறடி. கல் அவருக்குத் தொடைக்கு வரும். காலை ஐந்திலிருந்து பன்னிரண்டு, மாலை நாலிலிருந்து பத்து, குனிந்தால்தான் தோசை.

அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவள் மகள் இனியா. வயசு பதினேழு. பிளஸ் ஒன்னோடு படிப்பு போதும் என்று முடிவெடுத்தவள். தெருவில் ஒரு வீட்டுக் காலிங் பெல்லையும் விட்டுவைக்காதவள். இந்தக் கதையை எழுதுகிறவளும் அவள்தான். ஆனால் கதையில் அவளுக்கு வேறு பங்கு எதுவும் இல்லை.

அங்கே பிசியோதெரபி பார்க்கிற தமிழ்செல்வி மேடம், "எப்படி நிப்பீங்க, நின்னு காட்டுங்க" என்றார். கலையரசன் கூச்சத்தோடு குனிந்து, காற்றிலேயே ஒரு தோசை ஊற்றி, எண்ணெய் விட்டு, திருப்பிக் காட்டினார். பழக்க தோஷத்தில் மடித்தும் வைத்தார்.

"அண்ணே, நீங்க நிக்கவே இல்ல. இருபத்திரண்டு வருஷமா கல்லுக்குக் கும்பிடு போட்டுனு இருக்கீங்க" என்றார் மேடம். "அடுப்ப நாலு விரக்கட ஏத்துனாலே போதும். கீழ சாக்க மடிச்சுப் போடுங்க, வெறும் தரையில நிக்காதீங்க. ஒரு செங்கல்ல வெச்சு, கொஞ்ச நேரம் இந்தக் காலு, கொஞ்ச நேரம் அந்தக் காலுனு ஏத்தி வையுங்க. அரை மணிக்கு ஒரு வாட்டி இடுப்புல கைய வெச்சிப் பின்னால வளையுங்க. வலி வந்தப்புறம் இல்ல, வர்றதுக்கு முன்னாடியே!"

சாக்குக்கும் செங்கல்லுக்கும் சக்கரபாணி சரி என்றார். அடுப்பு என்றதும் முகம் மாறிவிட்டது.

"அப்பா கையால வெச்ச அடுப்பு மாஸ்டர். ஒரு நூல் அசைஞ்சாலும் வியாபாரம் படுத்துடும். வேணும்னா போட்டோவப் பாத்து நீங்களே கேளுங்க."

கலையரசன் போட்டோவைப் பார்த்தார். மாலைக்குள்ளிருந்து ராஜமாணிக்கம் சிரித்தார். அந்தப் போட்டோவையும் தாழ்வாகத்தான் மாட்டியிருந்தார்கள்.

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. சாக்கு போட்டார், செங்கல்மேல் காலை மாற்றி மாற்றி வைத்தார், பின்னால் வளைந்தார். வலி கம்மியானது, ஆனால் போகவில்லை. சாயங்காலம் ஏழு மணி அடித்தால் இடது இடுப்பிலிருந்து ஏற ஆரம்பிக்கும். யாருக்கும் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றுவார். வீட்டுக்கு வந்தால் பேசமாட்டார். இனியா ஏதாவது சேட்டை செய்தால்கூடத் திட்டமாட்டார். அதுதான் அந்த வீட்டில் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பௌர்ணமி வந்தது. மதியம் ஓட்டலை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து பாயில் படுத்தார். ஓட்டல் பின்கதவுச் சாவி எப்போதும்போல் வீட்டுச் சுவர் ஆணியில் தொங்கியது. அந்த நேரத்தில் ஆட்டோக்கார மணி, ஜாக்கியோடு ஓட்டல் பின்பக்கம் நின்றதாக ஒரு பேச்சு உண்டு. ஆட்டோ வைத்திருப்பவனிடம் ஜாக்கி இருப்பது ஒரு குற்றமா?

நாலு மணிக்குக் கலையரசன் திரும்பி வந்து மாவை அள்ளினார். முதல் தோசை இலங்கை மாதிரி விழுந்தது. கை வழக்கமாகப் போகிற இடத்தில் கல் இல்லை. அதற்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. அப்போதுதான், தான் குனியாமல் நிற்பது அவருக்கு உறைத்தது. கீழே பார்த்தார். அடுப்பைச் சுற்றிச் சாக்குகள் தாறுமாறாகக் குவிந்திருந்தன. காலால் ஒன்றை ஒதுக்கினார். அடுப்பின் முன்காலுக்கடியில் செங்கல்.

சட்டென்று சாக்கை மூடினார். ஏனென்றால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி முதலாளியே வந்து அடுப்புக்குக் கற்பூரம் காட்டுவார்.

சக்கரபாணி தட்டோடு வந்தார். அவரும் அப்பாவைப் போலவே ஐந்தடி. கற்பூரத்தை இரண்டு சுற்று சுற்றினார். மூன்றாவதில் கை பாதியில் நின்றது. கல்லைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், மறுபடியும் கல்லைப் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், அடுப்பு வளந்த மாதிரி இருக்குது?"

வாசல் பக்கத்து மேஜையில் இருசப்பன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். தோளில் துண்டு, கையில் டீ. வேலை இப்போது கிடைக்குமா, அப்புறம் கிடைக்குமா என்கிற பார்வை.

"அடுப்பு எங்க வளரும் மொதலாளி?" என்றார் கலையரசன். "நீங்கதான் எளச்சிட்டீங்க. தொப்பை எறங்கிப் போச்சு, அதான் அப்படித் தெரியுது."

சக்கரபாணி ஒரு மாசமாகக் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறார். ஒருத்தர்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நெசமாவா சொல்றீங்க?"

"சட்டையப் பாருங்க, தொளதொளனு கெடக்குது."

முதலாளி வயிற்றைத் தடவிக்கொண்டே கல்லாவுக்குப் போனார்.

அப்புறம் கூட்டம் இறங்கியது. "மாஸ்டர், நாலு ரோஸ்ட்டு!" "மாஸ்டர், ரெண்டு பொடி தோசை!" ஆறு மணி. ஆறரை. கலையரசன் கால் மாற்றினார். பின்னால் வளைந்தார். ஏழு அடித்தது. வலி வரட்டும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். வரவில்லை. ஏழே காலுக்கு இடது இடுப்பில் சுருக்கென்றது. கரண்டி கையில் நின்றது. இருசப்பன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். சக்கரபாணி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். கல்லில் ஆறு தோசை, ஓரம் சிவக்க ஆரம்பித்திருந்தது.

கலையரசன் இடுப்பில் கை வைத்தார். கூரையைப் பார்த்து மெதுவாக வளைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. காலை மாற்றிச் செங்கல்மேல் வைத்தார். கை நீண்டது. முதல் தோசை திரும்பியது. இரண்டாவது. ஆறாவதும் திரும்பியது.

"நிக்கறதுக்கு இன்னா, உக்காரு" என்றார் இருசப்பனைப் பார்த்து. "சூடா ஒரு மசால் தோசை போடறேன், சாப்ட்டுப் போ."

அவன் இரண்டு சாப்பிட்டுவிட்டு எட்டரை பஸ்ஸுக்குப் போனான்.

அடுப்பை உயர்த்தியது யார் என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. அண்ணாமலையார் வேலை என்பது சப்ளையர்களின் கட்சி. யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்கள்தான். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, காலுக்கு ஒன்றாக நாலு செங்கல் வைத்திருக்கிறார்கள். சுவரோரத்துப் பின்கால் மட்டும் கொஞ்சம் ஆடியிருக்கிறது. அதற்கு நீலநிற ரப்பர் செருப்பில் ஒரு துண்டு நறுக்கி அடைகொடுத்திருக்கிறார்கள்.

இதுவரை எழுதியதை இனியா அப்பாவிடம் படிக்கக் கொடுத்தாள். அவர் உதட்டை அசைத்துக்கொண்டு முழுசாகப் படித்தார். மலையோடு சேர்த்துச் சொன்ன இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, விரலை வைத்துக்கொண்டார்.

"ஏ இனியா. அடுப்பு சுவத்தோட ஒட்டினு இருக்குது. அந்தப் பின்கால இருபத்திரண்டு வருஷத்துல நானே பாத்ததில்ல. அதுக்கடியில செருப்பு இருக்குதுனு உனுக்கு எப்பிடித் தெரியும்?"

இனியா தலையைக் குனிந்து பேனா மூடியைக் கடித்தாள்.

"மொதல்ல நிமிந்து உக்காரு. இப்பவே கூனு போடாத." எழுந்து வாசலுக்குப் போனார். ஒரு நீலச் செருப்போடு திரும்பினார். குதிகால் பக்கம் சதுரமாக ஓர் ஓட்டை. "மொதலாளியோட அப்பா பூஜ போட்ட அடுப்புக்கடியில செருப்பா! இது இன்னாடி ஓட்ட?"

"நாய் கடிச்சிதுப்பா."

"கத்தி வெச்சினா கடிச்சிது?"