மூன்று போனது, ஒன்று வந்தது

டெஸ்மண்ட் பதினைந்து வருடம் கடற்படையில் இருந்தவர். கப்பலின் இன்ஜின் ரூமில் பம்புகளைக் கவனித்துக்கொள்வதுதான் வேலை. அங்கிருந்து வெளியே வந்ததும் ரிச்சர்ட்ஸ் டவுனில் மனைவி ஜூடித்தோடு குடியேறினார். அதே ஊரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் பம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனியை நடத்திய பாமாவுக்குக் கப்பல் ஆர்டர் எடுக்க வேண்டும் என்று ஆசை. கப்பல் தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் இவரை எடுத்தார்.

டெஸ்மண்ட் பணிபுரிந்த கப்பலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று மும்பையிலிருந்து அழைப்பு வந்தது. போனார். சூரியன் இறங்கும் நேரத்தில் கப்பலின் கொடியை இறக்கினார்கள். பக்கத்தில் நின்ற கணேசமூர்த்தி அதே கப்பலில் அவரோடு வேலை பார்த்தவர். "இதோட மூணு கப்பல் போயிடுச்சு டெஸ்மண்ட். அதுக்குப் பதிலா ஒண்ணுதான் வருது. நம்ம நேவி சின்னதாயிட்டே போகுதுப்பா" என்றார். மடித்து எடுத்துப்போகும் கொடியையே டெஸ்மண்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அதை ஜூடித்திடம் சொன்னபோது அவள் வேறு மாதிரி பார்த்தாள்.

"அந்தக் கப்பல்ல இருந்தப்போ எப்ப போன் பண்ணாலும், துறைமுகத்துலயே நிக்கிறோம், ஸ்பேர் வரலைன்னுதானே சொல்வீங்க?"

உண்மைதான். வெளிநாட்டில் கட்டி வாங்கிய கப்பல் அது. விற்ற நாடே உடைந்து பல நாடுகளான பிறகு, ஒரு பம்பு பழுதானால் அதன் பாகம் எந்த ஊரிலிருந்து வரும் என்றே யாருக்கும் தெரியாது. ஒரு மழைக்காலம் முழுக்கக் கப்பல் கரையில் கட்டிக் கிடந்தது. கணக்கில் மட்டும் அதுவும் ஒரு போர்க்கப்பல்.

அடுத்த சில மாதங்களில் புதுக் கப்பல் கொச்சியில் சோதனைக்குத் தயாரானது. அதன் தீயணைப்புப் பம்புகள் பாமாவின் கம்பெனி செய்தவை. அவற்றைப் பார்த்துக்கொள்ள டெஸ்மண்ட் போயிருந்தார். முழு வேகத்தில் ஓட்டியபோது ஒரு பம்பு அதிர்ந்தது. பேரிங் கொதித்தது. பம்பு நிற்கும் அடித்தளம் சரியில்லையோ என்று சிலர் சந்தேகப்பட, அங்கிருந்த இன்ஜினியர்களோடு சேர்ந்து அளந்து பார்த்தார். அடித்தளத்தில் குறை இல்லை. பம்பைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீரைத் தள்ளும் சக்கரம் ஒரு பக்கம் கனமாக வார்க்கப்பட்டிருந்தது.

அங்கேயே நின்று பாமாவுக்குப் போன் செய்தார்.

"மேடம், தப்பு நம்மளுதுதான். இம்பெல்லர் பேலன்ஸ் இல்ல. நாமே சொல்லிடலாம்."

முதல் ஆர்டரிலேயே இப்படி ஆனால் அடுத்தது வராமல் போகலாம் என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் பாமா தயங்கவில்லை.

"சொல்லிடுங்க. மத்த பம்பையும் பிரிச்சுப் பாருங்க. இங்க புதுசா வார்க்க இப்பவே சொல்றேன்."

சொன்னார். கேட்ட கடற்படை அதிகாரி முகம் சுளித்தாலும், எப்போது சரியாகும் என்பதை மட்டும்தான் கேட்டார். மற்ற பம்புகளிலும் அதே குறை இருந்தது. பீன்யாவில் எல்லாவற்றுக்கும் புதுச் சக்கரங்களை வார்த்து, கடைந்து, சுழற்றி எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்து வேனில் அனுப்பினார்கள். அதே வாரத்தில் பம்புகள் மறுபடி ஓடின. இந்த முறை ஒரு பம்பின் மேல் கை வைத்துப் பார்த்த டெஸ்மண்ட், ஓடுகிறதா என்றே சந்தேகப்பட்டார், அவ்வளவு அமைதி.

கப்பல் கடலுக்குக் கிளம்பியது. அவரும் அதில் இருந்தார். கரை மறைந்ததும் மேல்தளத்துக்கு வந்து காற்றில் நின்றார். மூன்று கப்பல் சேர்ந்து பார்த்த தூரத்தை இந்த ஒரே கப்பலின் ரேடார் பார்க்கும் என்று மாலுமி ஒருவர் சொன்னார். டெஸ்மண்டுக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பழுதானால் இதைச் சரிசெய்யும் கைகள் ஒரு வேன் போகும் தூரத்தில் இருந்தன.

திரும்பி வந்து கணேசமூர்த்தியிடம் பேசினார். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நல்ல கப்பலானாலும் ஒரே நேரத்தில் இரண்டு கடலில் நிற்க முடியாதே, எண்ணிக்கையும் வேண்டும் என்றார். அது சரிதான் என்று டெஸ்மண்டும் சொன்னார். இதே ரகத்தில் இன்னும் இரண்டு கட்டுகிறார்கள் என்றும் சொன்னார்.

அந்த இரண்டுக்கும் பம்பு செய்யும் வேலை பாமாவுக்கே கிடைத்தது. சொந்தத் தவறை மறைக்காத கம்பெனி என்று அந்த அதிகாரியே எழுதியிருந்தாராம். இப்போது பீன்யாவில் புதிதாக ஒரு பேலன்சிங் மெஷின் வந்திருக்கிறது. அதில் ஏறி இறங்காமல் எந்தச் சக்கரமும் வாசலைத் தாண்டக்கூடாது என்பது டெஸ்மண்ட் போட்ட சட்டம்.