முதலாளிக்கு யார் லீவு கொடுப்பது?

அன்னெக்ரெட் ஸெட்லருக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி இருந்தது. முதலாளி அவள், ஊழியரும் அவள் ஒருத்திதான். ஜெர்மனியின் பவேரிய மலையோரத்து விமான நிலையத்தில் அவளை விமானியாக வேலைக்கு எடுத்த நிறுவனம், "நீங்க எங்க ஆள் இல்ல, தனி முதலாளி. வரி, காப்பீடெல்லாம் உங்க பாடு" என்று முதல் நாளே கைகழுவிவிட்டது. சீருடையைக்கூட அவர்களிடமே காசு கொடுத்து வாங்கினாள். பெரிய முதலாளிதான்!

ஒரு கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுத் தனக்குத் தானே விண்ணப்பம் எழுதி, தாராள மனதோடு தானே கையெழுத்தும் போட்டாள். நிறுவனத்தின் மேலாளர் க்மைண்டர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க முதலாளி ரொம்ப நல்லவங்க, கேப்டன். இருபத்தஞ்சாம் தேதி காலையில வந்துடுங்க."

இந்த விளையாட்டெல்லாம் முழங்கால் மக்கர் செய்யும் வரைதான். இப்போதைக்கு ஓட்டலாம், ஆனால் வசந்தத்தில் அறுவை சிகிச்சை, அப்புறம் ஆறு மாதம் விமானப் பக்கமே போகக்கூடாது என்றார் மருத்துவர். ஊழியர் என்றால் படுத்திருக்கும் காலத்துக்குப் பணம் வரும். முதலாளிக்கு யார் தருவார்கள்? நான் ஊழியர்தான் என்று வழக்குப் போட்டாள்.

நீதிமன்றத்தில் பெண் நீதிபதியிடம் க்மைண்டர் குழைந்தார். "அவங்க சுதந்திரப் பறவைங்க, அம்மா. இஷ்டப்பட்டா ஓட்டுவாங்க, இல்லன்னா மாட்டாங்க. நாங்க ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

அன்னெக்ரெட் எழுந்தாள். "ரொம்ப நன்றி. அப்போ இன்னைக்குச் சாயங்காலம் மயோர்க்கா தீவுக்குப் போற விமானத்தை நான் ஓட்டல."

"அதெப்படி!" க்மைண்டர் துள்ளி எழுந்தார். "டிக்கெட் எல்லாம் வித்தாச்சு! நீங்க வரலைன்னா நாளையிலேர்ந்து உங்களுக்கு ஒரு விமானமும் கிடையாது, பாத்துக்கங்க!"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு முதலாளி இன்னொரு முதலாளிகிட்ட இப்படித்தான் பேசுவாங்களா, க்மைண்டர்?"

க்மைண்டர் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "சாயங்காலம் வந்துடுவீங்கல்ல?" என்றார் ஈனக் குரலில்.

"இது வேண்டுகோளா, உத்தரவா? வேண்டுகோள்னா எனக்கு நேரமில்ல. உத்தரவுன்னா வந்துதானே ஆகணும்."

எழுத்தரின் விரல்கள் தட்டச்சுக்குத் தயாராக நின்றன. க்மைண்டர் புளித்த முட்டைக்கோஸை ஒரே வாயில் விழுங்கியவர் போல முகத்தைச் சுளித்தார்.

"உத்தரவு" என்றார்.

"அப்போ வரேன், சார்."

தீர்ப்பு அவள் பக்கமே வந்தது. காலை நீட்டிப் படுத்திருந்த ஆறு மாதமும் பணம் தவறாமல் வந்தது. அந்த நிம்மதியை அவள் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். கட்டிலில் இருந்தபடியே கம்பெனியையும் மூடினாள். இருந்த ஒரே ஊழியரை வேலையிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. ஊழியர் மறுபேச்சுப் பேசவில்லை.