டோ என்ற ஊருக்கு மூன்று பஸ்

மணிமங்கலம் பஸ்ஸை நிறுத்தியது நீங்கள்தான். கம்ப்யூட்டர் இல்லை.

எங்கள் தொழிற்சாலைக்கு பஸ் விடும் ஒப்பந்த நிறுவனத்தின் ரூட் அதிகாரியைத்தான் சொல்கிறேன். பெயர் போடக் கூடாது என்று ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டார். போடவில்லை. ஆனால் அவர் இந்தப் பத்திரிகை படிக்கிறவர்தான். படிக்கட்டும்.

'இந்த வாரம் யார் மாட்டினார்?' என்று ஆவலாகப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல் — இந்த வாரம் நானும் மாட்டியிருக்கிறேன்.

எனக்கு ஒரகடத்தில் வேலை, டைம் ஆபீஸில். யார் எந்த ஷிப்ட், யார் எந்த ஸ்டாப்பில் ஏறுவார்... எல்லாம் என் மேஜையில்தான். போன மாதம் ஒரு சர்க்குலர் வந்தது. இனிமேல் பஸ் லிஸ்ட்டை எக்ஸெல் ஷீட்டாக அனுப்பக் கூடாதாம். எக்ஸ்எம்எல் ஃபைலாகத்தான் அனுப்ப வேண்டுமாம். அதை அவர்களுடைய புது சாஃப்ட்வேர் நேராகப் படித்து, எந்த ஊருக்கு எத்தனை பஸ் என்று தானே முடிவு செய்துவிடுமாம்.

எனக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. சர்க்குலரைத் திட்டிக்கொண்டே ஸ்டோர்ஸில் இருக்கும் பேச்சியம்மாளிடம் போனேன். கோவில்பட்டிக்காரர். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு எங்களிடம் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்.

அரை மணி நேரத்தில் புரியவைத்துவிட்டார். ஷீட்டை முதலில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக மாற்ற வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு வரி, நடுநடுவே கமா. பிறகு அவர் எழுதிய சின்ன புரோகிராம் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு லேபிள், பின்னால் ஒரு லேபிள் ஒட்டும். இங்கே பெயர் ஆரம்பம், இங்கே பெயர் முடிந்தது. இங்கே ஸ்டாப் ஆரம்பம், இங்கே ஸ்டாப் முடிந்தது. லாண்டரிக்குப் போடும் சட்டையில் எல்லாம் ஹாஸ்டல் பையன்கள் பெயர் எழுதுவார்களே — அது மாதிரி. எது எங்கே போனாலும் யாருடையது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பயம் காட்டினார்கள்?

லிஸ்ட்டைக் கொடுக்கும் முன் நானும் என் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று பெயர்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி, பழைய ஷீட்டின் மேலேயே சேவ் செய்தேன். பேச்சியம்மாளின் புரோகிராம் ஓடியது. ஃபைல் போனது. 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. இரண்டு பேரும் ஸ்பெஷல் டீ குடித்தோம்.

போன வெள்ளிக்கிழமை காலை, மணிமங்கலம் பஸ் டிரைவர் ஏழுமலை கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தார். திங்கட்கிழமை முதல் ஓட்ட வேண்டிய புது ரூட், கீழே ரூட் அதிகாரியின் கையெழுத்து.

"இன்னா சார், டோன்னு ஒரு ஊரு போட்டுகிறாங்க, அது எங்க கீது? நான் இந்த ரோட்லயே பொறந்து இந்த ரோட்லயே வண்டி ஓட்டிகினு இருக்கேன். படப்பை தாண்டியா, முன்னாலயா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். டோ, ஆட்கள் நூற்று அறுபத்து மூன்று, பஸ் மூன்று. மணிமங்கலம், ஆள் ஒன்று, பஸ் ரத்து.

ஒன்றா? மணிமங்கலத்திலிருந்து எங்கள் அசெம்பிளி லைனுக்கு வருகிற பெண்களே முப்பத்து நாலு பேர்.

பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். ஃபைலைத் திறந்தார். வரிவரியாகக் கீழே இறக்கிப் பார்த்தார்.

"ஸார், நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேரு டோவுலதான் ஏறுதாங்க. நீங்கதான் டைப் பண்ணியிருக்கீங்க."

ஆமாம். நான்தான். மேலே இருப்பதே கீழேயும் என்றால் ரிஜிஸ்டரில் '-டோ-' என்று போடுவது கிளார்க்குகளின் வழக்கம். டிட்டோவின் சுருக்கம். முதல் ஆளுக்கு மணிமங்கலம் என்று எழுதினால் அடுத்த முப்பத்து மூன்று பேருக்கும் டோ, டோ, டோ. கை வலி மிச்சம். பேனாவை விட்டுக் கீபோர்டுக்கு வந்த பிறகும் என் விரல் அதை விடவில்லை.

"சரி, டோ இருக்கிற இடத்தில் எல்லாம் மேலே உள்ள ஊரை இறக்கிவிடும்மா" என்றேன்.

"எறக்கியிருப்பேன் ஸார். நீங்கதான் அழகா அடுக்கிக் குடுத்துட்டீங்களே. யாருக்கு மேல யாரு இருந்தாங்கன்னு இப்ப யாருக்குத் தெரியும்?"

பழைய காகித ரிஜிஸ்டர் இருக்கிறது. ஆனால் அதை நம்ப முடியாது. தெற்கிலிருந்து வந்த பையன்கள் மூன்று மாதத்துக்கு ஒரு ரூம் மாறுகிறவர்கள்.

படப்பை, சேரப்பணஞ்சேரி ஸ்டாப்புகளுக்கு ஆபத்தில்லை. மற்ற கம்பெனி ஆட்களும் அங்கே ஏறுவதால் பஸ் தப்பித்தது. மணிமங்கலத்தில் ஏறுவது எங்கள் பெண்கள் மட்டும்தான்.

மத்தியானத்துக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தனலட்சுமி வந்து நின்றார். லிஸ்ட்டில் மணிமங்கலம் என்று தப்பித்திருந்த அந்த ஒரே ஆள்.

"பஸ்ஸு தெருமுனைக்கு வருதுன்னுதான் சார் எங்க வூட்ல வேலைக்கு அனுப்புறாங்க. ஷேர் ஆட்டோ ஏறி, மாறிப் போவணும்னு சொன்னா நின்னுக்கோன்னுடுவாங்க. எனக்கு மட்டும் இல்ல, முக்கால்வாசி பேருக்கு இதான் கதை."

சொல்லிவிட்டு அவர் லைனுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அதிகாரிக்குப் போன் போட்டேன். என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அந்த முப்பத்து நாலு பேரையாவது பழையபடி விடுங்கள் என்றேன். மனுஷர் அசையவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்குள் சரியான ஃபைல் வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் புது ரூட்தான் என்றார். இத்தனை வருஷமும் அந்தத் தெருமுனைக்கு நீங்கள்தானே பஸ் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"சார், ரூட் போட்டது நான் இல்ல. சிஸ்டம்" என்று போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கேன்டீன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தட்டு எடுக்கும் முன் எல்லாரும் என்னிடம் ஸ்டாப் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சாம்பார் வாசனையில் வரிசை நெளிந்தது. பேச்சியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அச்சடித்த லிஸ்ட்டில் அந்தந்த வரியில் ஊரைப் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார்.

ஆரம்பமே கோளாறு. முதலில் வந்த பையனிடம் எந்த ஊர் என்று கேட்டுத் தொலைத்தேன். விளாத்திகுளம் என்றான். அடுத்தவன் சாத்தூர். அதற்கடுத்தவன் திசையன்விளை. வாடகை ரூம் இருக்கும் இடத்தை எவன் ஊர் என்று சொல்வான்?

"டேய், விளாத்திகுளத்துக்கு பஸ் விடச் சொல்லவா?"

"விட்டா நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. சனிக்கிழமை சனிக்கிழமை போயிட்டு வந்துருவோம்."

வரிசையே சிரித்தது. பேச்சியம்மாளும் சிரித்தார். கோவில்பட்டி வழியாக விடச் சொல்லுங்கள் என்று அவரும் சேர்ந்துகொண்டார். கேள்வியை மாற்றினேன். காலையில் எங்கே ஏறுவாய்? அதற்கு ஒழுங்காகப் பதில் வந்தது.

இரண்டே காலுக்கு லிஸ்ட் முடிந்தது. பேச்சியம்மாள் எல்லாவற்றையும் டைப் செய்து புரோகிராமை ஓட்டியபோது மணி மூன்று. மெயிலில் அனுப்பலாம் என்றால் டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட் கனெக்ஷன் கொய்யென்று கத்திவிட்டுச் செத்துப்போனது. மறுபடி கத்தியது. மறுபடி செத்தது. ஃபைலை ஃப்ளாப்பியில் போட்டு, அதிகாரியின் ஆபீஸில் சேர்க்கச் சொல்லி ஏழுமலையிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்து பட்டன் போட்டுக்கொண்டு போனார். மூன்று ஐம்பதுக்கு அங்கிருந்து போன் செய்தார். மணிமங்கலம் முப்பத்து நாலு, பஸ் ஒன்று.

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு பஸ் உள்ளே நுழைந்தது. கேட்டில் போய் நின்றேன். சும்மாதான். தனலட்சுமி இறங்கும்போது சொன்னார்: "சார், எல்லாரும் வந்துட்டோம். எண்ணிக்கோங்க."

எண்ணினேன்.

இத்தனை வருஷமாக நான் ஆட்களை எழுதிய விதத்தை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. முதல் ஆளுக்கு ஊர் உண்டு. மற்றவர்கள் எல்லாம் அவருக்குக் கீழே இரண்டு கோடு, நடுவில் ஓர் எழுத்து. அந்த எக்ஸ்எம்எல் ஃபைலில் அது செல்லாது. தனலட்சுமிக்குத் தனியாக ஒரு ஆரம்பம், தனியாக ஒரு முடிவு, நடுவில் அவருடைய ஊர், முழுப் பெயரோடு. மேலே யார் இருந்தால் என்ன, கீழே யார் இருந்தால் என்ன? சர்க்குலரைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அதிகாரியைத் திட்டியதை வாங்க மாட்டேன்.

டோ போட்டது நான். அகர வரிசையில் அடுக்கியது நான். இந்தப் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். போதுமா? இப்போது உங்கள் முறை. அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, சிஸ்டத்தின் கையெழுத்து இல்லை. டோ என்று ஓர் ஊர் இந்த வட்டாரத்தில் எங்கே இருக்கிறது என்று டிரைவர் ஏழுமலைக்குக் கேட்கத் தோன்றியது. உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? அந்த மூன்று பஸ்ஸையும் திங்கட்கிழமை காலையில் எங்கே அனுப்புவதாக இருந்தீர்கள்?

எனக்குப் போன் செய்ய வேண்டாம். தனலட்சுமியும் மற்ற முப்பத்து மூன்று பேரும் படிக்கிற மாதிரி, இதே பக்கத்தில் பதில் எழுதுங்கள். ஆசிரியர் இடம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு நிபந்தனை — டோ போடாமல் எழுதுங்கள்.