வேடந்தாங்கலில் அக்காவின் சால்வை

மாமா இறந்த பிறகு என் அக்கா கருங்குழி வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. ரேஷன் கடைக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் போய்வந்தார். வேடந்தாங்கலில் வனத்துறையினர் காலையில் கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவளைக் கேட்காமலே எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

"கொக்கு நம்ம ஏரிலயே கீதே, அத்தப் பாக்க இன்னாத்துக்குடி பஸ் ஏறணும்?" என்றாள். ஆனாலும் காதை மூடிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஏரிக்கரை மேல் பத்துப் பன்னிரண்டு பேர் நடந்தோம். முன்னால் போன வனக்காப்பாளர் கூடுகளைக் காட்டி மெதுவான குரலில் விளக்கினார். அக்கா கடைசியில் வந்தாள், எதையும் நிமிர்ந்து பார்க்காமல். அதனால்தானோ என்னவோ, கரைச் சரிவில் புல்லுக்குள் கிடந்த நாரைக்குஞ்சு அவள் கண்ணில்தான் பட்டது.

"ஐயோ, இங்க ஒண்ணு வுழுந்து கீது!"

எல்லோரும் செல்போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். வனக்காப்பாளர் கையை விரித்துத் தடுத்தார்.

"கிட்ட போவாதீங்க. பயத்துலயே செத்துடும். யார்கிட்டயாவது துணி கீதா?"

அக்கா சால்வையை உருவிக் கொடுத்தாள். அவர் குஞ்சின் தலையை மூடிச் சுருட்டி எடுத்து, அவள் கையிலேயே கொடுத்தார். "இறுக்காம புடிச்சிக்கம்மா. கூடை எடுத்தாரச் சொல்றேன்" என்று போனை எடுத்தார்.

கூடை வரும்வரை அக்கா அசையவில்லை. "நெஞ்சு இன்னாமா அடிச்சிக்குது பாரு" என்று என்னிடம் முணுமுணுத்தாள். சால்வையெல்லாம் மீன் நாற்றம்.

குஞ்சைக் கூடையில் வைத்து வைத்தியத்துக்கு எடுத்துப்போனார்கள். அதன்பின் தினமும் அக்காவிடமிருந்து எனக்குப் போன். "கேட்டியா? துன்னுதாமா?" நான் வனக்காப்பாளரைக் கேட்டுச் சொல்வேன். இறக்கையில்தான் அடி, மீன் போட்டால் விழுங்குகிறது என்பார். கடைசியில் ஒருநாள் அவரே கூப்பிட்டு, விடப்போகிறோம், வாருங்கள் என்றார்.

கூடையைத் திறந்ததும் அது பறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தண்ணீருக்குள் நடந்துபோய் மற்ற நாரைகளோடு நின்றுகொண்டது. எது நம்முடையது என்று கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போய்விட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது, மதுராந்தகத்தில் இறங்கி டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அவளாகவே சொன்னாள்.