ஓடாத வண்டி குடித்த டீசல்

எங்கள் பக்கம் வண்டியைக் காடி என்போம். பிக்கப் வண்டியை யாரும் பிக்கப் என்று சொல்வதில்லை, ஃபோர்வீல்தான். எங்கள் ஊர் கரங்கானில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற குத்தகைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. என் கணவருக்கு டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. நடந்தே போனாலும் சட்டை நனைவதற்குள் போய்விடலாம். அவருக்கும் ஒரு டீசல் ஃபோர்வீல் வேண்டியிருந்தது. “டீசல்தானே, மிச்சம்லா” என்றார். கல்யாணத்துக்கு முன் என் சம்பளத்தில் நான் வாங்கிய சின்னக் காரை விற்று முன்பணம் கட்டினார். அந்த ஃபோர்வீலின் பின்பக்கத்தில் இதுவரை ஏறிய பாரம் ஒரு மெத்தையும் ஒரு கிறிஸ்மஸ் மரமும்தான்.

வந்தது வந்துவிட்டது என்று நானும் ஓட்டப் பழகிக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் தூரத்தில், கூலிம் ஊரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. பகலில் வண்டி என்னிடம் இருக்கும், அவர் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போவார். சாயங்காலமும் சனி ஞாயிறும் வண்டி அவருடையது. காலையில் மகளைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவேன், மாலையில் டியூஷனிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு வருவேன். வீட்டில் கேட்ட கேள்விக்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற பெண் அவள். அந்த உயரமான சீட்டில் ஏறி பெல்ட் போட்டுவிட்டால் போதும், யார் யாருடைய பென்சிலை எடுத்தது, எந்த டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எல்லாம் வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அந்த வண்டியை நான் மன்னித்திருந்தேன்.

பிறகு டீசல் விலை ஏறியது. ஏறியதும் என் கணவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வண்டியில் தலையை நீட்டி, டேஷ்போர்டில் நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு டீசல் செலவாகிறது என்று காட்டுகிற எண்ணைப் பார்ப்பார்.

“இன்னைக்கும் ஏறியிருக்கு. நீ ரொம்ப மிதிக்கிற.”

நான் மிதிக்கிறேனாம். கூலிம் போகிற வழியில் பாடாங் செராய் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவள் எங்கே போய் மிதிப்பது?

என் மாமனார் எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். அந்தக் காலத்து லாரியைக் காலையில் நன்றாகச் சூடாக்கினால்தான் நகரும், நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரிய பாடு. அவருக்கு அது தேவையாக இருந்தது. அவருடைய மகன்கள் இரண்டு பேரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் காலையில் நான் கிளம்புவதற்கு வெகு முன்பே எஞ்சினை முடுக்கிவிட்டுக் குளிக்கப் போவார். சாயங்காலம் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் வண்டி வெளியில் ஏர்கானோடு உறுமிக்கொண்டே நிற்கும். சாவு வீட்டு வாசலில்கூட அணைக்க மாட்டார். அந்த எண்ணில் இதெல்லாமும் சேரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சொன்னேன். அவருடைய அண்ணன் கோழிக்கறியிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார்.

“ஓடாத காடி எப்படிமா எண்ண குடிக்கும்?”

அன்றைக்கே அண்ணனும் தம்பியுமாக முடிவு செய்துவிட்டார்கள். நான் கம்பெனி பஸ்ஸில் போக வேண்டும், மகளை அவர் பள்ளியில் விடுவார், டியூஷனுக்கு வேன் வரும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கார் போன இடத்தில் வந்த வண்டி அது. ஆனால் வீட்டில் சண்டை வேண்டாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பஸ் இருட்டில் வரும். தாமான் தாமானாக, ஒரு குடியிருப்பு விடாமல் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு, என் வேலை தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே கொண்டுபோய் இறக்கும். நான் கேன்டீனில் சும்மா உட்கார்ந்திருப்பேன். மாலையிலும் அதே சுற்று. வீட்டுக்கு வரும்போது மகள் சாப்பிட்டு முடித்து டிவி முன்னால் இருப்பாள். ஸ்கூல் எப்படி என்று கேட்டால், “ஓகே” என்பாள். அவ்வளவுதான்.

டேஷ்போர்டில் அந்த எண் மட்டும் முன்னைவிட ஏறியது, டேங்க்கும் காலியாகிக்கொண்டே இருந்தது. கூலிம் போகாத வண்டி, கரங்கானுக்குள்ளேயே சுற்றுகிற வண்டி. அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்னார்கள். டயரில் காற்று குறைவாம். ஃபில்டர் அடைத்திருக்குமாம். வெயில் அதிகமாம். நான் ஓட்டியபோது என் கால்தான் குற்றவாளி. நான் இறங்கியதும் டயர், காற்று, சூரியன் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை இரவு மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

“மா, காலையில ஸ்கூலுக்குப் போற வழியில அப்பா தேத்தண்ணி குடிக்கும்போது காடிக்குள்ள ரொம்ப குளிரும்மா.”

“நீ எங்க இருப்ப?”

“உள்ளதான். அப்பா கதவு பூட்டிட்டுப் போவாரு. காடி ஓடிக்கிட்டேதான் இருக்கும். நாங்க போறதுக்குள்ள ஸ்கூல்ல பெல் அடிச்சிருவாங்க.”

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. என்னிடமிருந்து மிச்சம் பிடித்த டீசலில் உறுமுகிற வண்டிக்குள் என் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோவிலில் பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது கோவில் வளாகத்தில் ஃபோர்வீல் உறுமிக்கொண்டிருந்தது. என் கணவர் முன்னாலேயே வந்து முடுக்கிவிட்டு, அதன் மேல் சாய்ந்து நின்றிருந்தார். பக்கத்தில் அண்ணன்.

“டீசல்ல என்னமோ கலக்குறானுங்க தம்பி. அதான் டேங்க்ல நிக்க மாட்டேங்குது” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். புகை அவர் காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

நான் மகளை முன்சீட்டில் ஏற்றி பெல்ட் போட்டேன். சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

“எங்க போற?”

“வீட்டுக்கு. நாளைக்கு வேலைக்கும் இதுலதான் போவேன். பிள்ளைய நான்தான் விடுவேன். நீங்க பேசிட்டு உங்க அண்ணன் கார்ல மெதுவா வாங்க.”

“ஏம்மா, என்ன இது?” என்றார் அண்ணன்.

“ஓடாத காடி எண்ண குடிக்காதுன்னீங்கல்ல மாமா. நான் ஓட்டிட்டுப் போறேன், குடிக்கட்டும்.”

கோவில் வாசலில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

திங்கள் காலை கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடித்தது. வாசலில் நின்று போகச் சொல்லிக் கையசைத்தேன். இப்போது வண்டிச் சாவி என் கைப்பையில் இருக்கிறது. சாயங்காலம் அவர் தேத்தண்ணிக் கடைக்கு நடந்து போகிறார். மகள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள், பள்ளி வாசல் வந்த பிறகும் நிறுத்துவதில்லை.

டேஷ்போர்டில் அந்த எண் இறங்கிக்கொண்டே வருகிறது. நான் வீட்டுக்கு வந்ததும் தலையை நீட்டிப் பார்த்தவர் இப்போதெல்லாம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. இப்போது எவ்வளவு என்று ஒரு நாளாவது கேட்க மாட்டாரா என்று காத்திருக்கிறேன்.